வெறும் புள்ளி உள்ள பக்கம்

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேல்ராஜைப் பற்றி ஒரு பெருமைப் பேச்சு உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் மனுஷன் தக்காளி பிரித்துவிடுவார் என்பார்கள். அது பொய்யில்லை. கேரளாவுக்குப் போகிற லோடில் நன்றாகப் பழுத்தது நாலு கலந்தால் போதும், புனலூர் போய்ச் சேருவதற்குள் பெட்டியே குழம்பாகிவிடும். அதனால் தூரத்து லாரிக்குப் பாதி பழுத்த செங்காய், பக்கத்துக் கடைகளுக்குப் பழம் என்று பிரித்தாக வேண்டும். மற்றவர்கள் குனிந்து, நிறம் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். வேல்ராஜுக்குப் பெருவிரலால் ஒரு அமுக்கு, காம்புப் பக்கம் மூக்கருகே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கை அது பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருக்கும், வாய் பக்கத்துக் கடைக்காரரோடு அரசியல் பேசிக்கொண்டிருக்கும். முப்பது வருஷத்தில் அவர் பிரித்த லோடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கமிஷன் கடை தில்லைநாயகம் அண்ணாச்சி, புதிதாக வரும் வியாபாரிகளை அவர் முன்னால் கூட்டிவந்து வேடிக்கை காட்டுவார். "பாத்தீரா? கண்ணே வேண்டாம்வே இவனுக்கு!"

வேல்ராஜ் சிரித்துவைப்பார். உள்ளே சுருக்கென்று தைக்கும். தில்லைநாயகம் விளையாட்டாகச் சொல்வது முழு உண்மை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பச்சைத் தக்காளியும் சிவப்புத் தக்காளியும் அவர் கண்ணுக்கு ஒரே மண்நிறம். பார்த்துப் பிரிக்க முடியாததால்தான் தொட்டுப் பிரிக்கக் கற்றுக்கொண்டார். ஊர் வித்தை என்று கைதட்டியது, அவர் ஒரு குறையை மூடப் போட்ட போர்வை.

அந்தக் குறைக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்தது. பட்டாள ஆள்சேர்ப்புக்குத் திருநெல்வேலி போயிருந்தார். ஓட்டத்தில் முதல் ஆள், கயிறு ஏறுவதில் முதல் ஆள். கடைசியாக ஒரு டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். "நம்பரைப் படி" என்றார். முதல் பக்கம் தாண்டியதும் நம்பரே இல்லையே, எதைப் படிப்பது? டாக்டர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட வேல்ராஜ் முழித்தார். கலர் பிளைண்ட் என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, நெஞ்சளவு ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது என்று புளுகினார். அடுத்த வருஷம் தம்பி சுடலைராஜ் அதே இடத்துக்குப் போய்த் தேர்வாகி வந்தபோது, மாலை வாங்கிப் போட்டதும் வேல்ராஜ்தான். அன்றைக்கு விழுங்கியது இன்றுவரை தொண்டையில்தான் நிற்கிறது.

சரி, அது பழைய கதை. புதிய கதை, போன புதன்கிழமை ஆரம்பித்தது.

அவருக்கு ஒரே மகள், அனுசியா. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். ரயில் ஓட்டுகிற வேலைக்கு எழுதி, எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறி, அடுத்த வாரம் வியாழக்கிழமை மதுரையில் மெடிக்கல் டெஸ்டுக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்துவிட்டது. அது வரைக்கும் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அப்பாவோடு மார்க்கெட்டுக்கு வந்தவள், ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காதில் போன். தோழியோடு பேச்சு. பார்வை ரோட்டில். கை மட்டும் தக்காளியை எடுத்து, பெருவிரலால் அமுக்கி, மூக்கருகே கொண்டுபோய், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு தடவைகூட அவள் தக்காளியைக் கண்ணால் பார்க்கவில்லை.

தில்லைநாயகம் துள்ளிக் குதிக்காத குறை. "ஏலே வேல்ராஜு, ஒன் மவளப் பாரு! அப்பனுக்குத் தப்பாம வந்துருக்கா. ரத்தம்லா பேசுது!"

வேல்ராஜ் கையிலிருந்த தக்காளியைப் பிரிக்காமலே பெட்டியில் திரும்பப் போட்டார். ரத்தம் பேசுகிறதாம்! பேசத்தானே கூடாது என்று முப்பது வருஷமாக வாயைப் பொத்தி வைத்திருக்கிறார். ரயில் ஓட்டுகிறவளுக்குச் சிக்னல்தான் உயிர். சிவப்பும் பச்சையும் தெரியாத ஒருத்தியை ரயில்வேக்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். தன் கண்ணைத் தூக்கி மகளுக்குக் கொடுத்துவிட்டோமே என்று அந்த மனுஷனுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

அவளிடம் நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். அதில்தான் இருக்கிறது வேடிக்கை. இது என்ன நிறம் என்று அவர் கேட்கலாம். அவளும் ஒரு பதில் சொல்வாள். அந்தப் பதில் சரியா தப்பா என்று பார்க்க அவருக்குக் கண் வேண்டுமே!

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனார். நல்ல சாரல். மெயின் அருவியில் குளித்து, தலை துவட்டியும் துவட்டாமலும் பழக்கடைப் பக்கம் வந்தார்கள். ரம்புட்டான் குவியலாகக் கிடந்தது. பழமும் காயும் கலந்த குவியல். இதைவிட நல்ல பரீட்சை கிடைக்காது என்று வேல்ராஜுக்குத் தோன்றியது.

"ஏட்டி அனு, நல்ல பழமாப் பாத்து எடு."

அனுசியா குவியலுக்குள் கையை விட்டாள். ஒரு பழத்தின் முடியை வளைத்துப் பார்த்தாள். தோலை அமுக்கினாள். மோந்தாள். கூடையில் போட்டாள். அதற்குள் அவள் கண் பக்கத்துக் கடையில் தொங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் மேல் போய்விட்டது.

வேல்ராஜ் ஒரு பழத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். "இது என்ன நெறம்?"

கடைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன அண்ணாச்சி, நக்கலா? பழம் பிடிக்கலன்னா வச்சுட்டுப் போங்க. நெறத்தக் குறை சொல்லாதீங்க."

கல்யாணசுந்தரி கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மாவும் மகளும் பழத்தை உரித்து உரித்துத் தின்றார்கள். எல்லாம் தேனாக இனிக்கிறது என்றார்கள். அந்த இனிப்பு வேல்ராஜின் பயத்தை இரண்டு மடங்காக்கியது. பார்க்காமலே எடுத்த பழம் அத்தனையும் சரியாக இருக்கிறதென்றால், அது பழகிய கை. தன் கையைப் போல.

திங்கட்கிழமை வியாபாரம் முடிந்ததும், கண்ணாடி போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தென்காசிக்குப் போனார். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் முஹ்ஸினா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அன்றைக்குக் கூட்டம் இல்லை. அவள் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னாள். வேல்ராஜ் கடைசி வரி வரைக்கும் படபடவென்று வாசித்தார்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி? எதுக்கு வந்திய?"

வேல்ராஜ் கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பெற்ற தாயிடம் சொல்லாததை, கட்டிய மனைவியிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கடகடவென்று கொட்டிவிட்டார். பட்டாளம், புள்ளிப் புத்தகம், தக்காளி, மகளின் பெருவிரல், வியாழக்கிழமை எல்லாம்.

முஹ்ஸினா சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் ஒரு பழைய மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்தாள்.

"நம்ம ஒடம்பு எப்படி இருக்கணும்னு உள்ளுக்குள்ள எழுதி வச்சிருக்கும் அண்ணாச்சி. மூக்கு, முடி, நெறம் பாக்குத கண்ணு, எல்லாத்துக்கும் எழுத்து இருக்கு. அம்மா ஒரு பாதி குடுப்பாங்க, அப்பா ஒரு பாதி குடுப்பாங்க. அதுல எக்ஸுன்னு ஒண்ணு இருக்கு. பொம்பளைக்கு ரெண்டு எக்ஸ். ஆம்பளைக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். செவப்பு பச்சையப் பிரிச்சுக் காட்டுத எழுத்து இந்த எக்ஸுலதான் இருக்கு."

"சரி."

"பொம்பளைக்கு ஒரு எக்ஸ் பழுதானாலும் இன்னொண்ணு வேலை பாத்துரும். வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரி. ஆம்பளைக்கு ஸ்டெப்னி கெடையாது. ஒண்ணு பழுதுன்னா பழுதுதான். அதனாலதான் இது ஆம்பளைங்களுக்கே கூட வருது."

வேல்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்டெப்னி கணக்கு அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்ப எனக்கு இது எங்கன இருந்து வந்துது? எங்கப்பாவுக்கு இருந்துருக்குமோ?"

"அப்பா ஒங்களுக்குக் குடுத்தது ஒய். எக்ஸ் குடுத்தது ஒங்கம்மா. இது அம்மா வழியா வந்ததுதான்."

"எங்கம்மாவுக்குக் கண்ணு பிரமாதமா தெரியுமே! நூறு சேலைக்குள்ள தான் கேட்ட கலரக் கண்டுபிடிச்சிருவாவளே."

"தெரியும். அவங்களுக்கு ஸ்டெப்னி இருந்துச்சுலா? அவங்களுக்குத் தெரியாமலே ஒங்களுக்கு வந்துருக்கு. அவங்கட்ட இருந்த ரெண்டுல எது வருதுங்கது சீட்டுக் குலுக்குத மாதிரி. ஒங்க தம்பிக்கு நல்லது வந்துருக்கு, பட்டாளத்துல எடுத்துட்டாங்க. ஒங்களுக்கு மத்தது. இதுல ஒங்க தப்பும் இல்ல, அம்மா தப்பும் இல்ல."

யாரும் தப்புச் செய்யவில்லை என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். வேல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

"எம் மவளுக்கு?"

"ஒங்க மகளுக்கு ஒங்க எக்ஸக் குடுத்தே ஆகணும். வேற குடுக்க ஒங்கட்ட எக்ஸ் இல்ல. அதனால பழுது ஒண்ணு அவகிட்ட கண்டிப்பா இருக்கு." அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சட்டென்று சேர்த்தாள். "பொறுங்க, பொறுங்க. இன்னொரு எக்ஸ் அவங்கம்மா குடுத்துருப்பாங்கல்லா? அது நல்லதா இருந்தாப் போதும். மகளுக்குக் கண்ணு ஒங்க அம்மா மாதிரி பளிச்சுன்னு தெரியும்."

வேல்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அப்போது முஹ்ஸினா ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒங்க வீட்டுக்காரம்மா சொந்தமா, அசலா?"

"சொந்தந்தான். தாய்மாமன் மவ."

பேனா நின்றது. முஹ்ஸினா சீட்டின் மேல்பக்கம் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து இரண்டு கோடு கீழே இழுத்தாள். "ஒங்கம்மாவும் ஒங்க மாமாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க. ஒங்கம்மாவுக்கு வந்த பழுது, மாமாவுக்கும் வந்துருக்கலாம். மாமாவுக்கு இருந்துச்சுன்னா, அத மககிட்டக் குடுத்துருப்பாரு. அப்ப ஒங்க வீட்டுக்காரம்மாட்டயும் ஒண்ணு இருக்கும். அது அனுசியாவுக்கு வரதுக்கும் வராததுக்கும் பாதிக்குப் பாதி. மாமாவுக்கு நெறம் நல்லாத் தெரிஞ்சுதுன்னா கவலையே இல்ல. ஒங்க அத்தை எந்த ஊரு?"

"ராயகிரி. அசல்தான்."

"அப்ப அந்தப் பக்கம் பெருசா பயப்பட வேண்டாம். மாமா எப்படி?"

வேல்ராஜின் கண்முன்னால் ஒரு பட்டுச் சேலை வந்து நின்றது.

மாமா செல்லச்சாமி, தென்காசிக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தவர். போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வேல்ராஜின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், அம்மா வடிவம்மாள் தம்பியைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு அரக்குச் சிவப்பில் பட்டு எடுத்து வா என்று சொல்லி அனுப்பினாள். மாமா போனார், வந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் பெண்டுகள் எல்லாம் ஓவென்று சிரித்தார்கள். சேலை பச்சையாம். "செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு எப்படித்தான் கேட்டுல கொடி காட்டுதாரோ!" என்று கேலி செய்தார்கள். அந்தச் சேலை என்ன நிறம் என்று வேல்ராஜுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேலி மட்டும் அப்படியே நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது. மாமாவுக்கும் நம்ம கதைதான் போலிருக்கிறது, கேட் கீப்பருக்கெல்லாம் யார் கண்ணைச் சோதிக்கிறார்கள், நாம் தக்காளியை அமுக்கிப் பார்ப்பதுபோல் அவரும் எந்தக் கையில் எந்தக் கொடி என்று மனப்பாடம் செய்து காலத்தை ஓட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். அதை யாரிடமும் கேட்கவில்லை. நிறத்தைப் பற்றி வாயைத் திறந்தால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்தே இருபத்துநாலு வருஷம் ஓடிவிட்டது.

"நாளைக்கு மகளக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி," என்றாள் முஹ்ஸினா. "அதே புத்தகம் எங்கட்ட இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. மண்டையப் போட்டு ஒடைக்காதீங்க."

அஞ்சு நிமிஷ வேலைதான். அதற்கு முன்னால் மகளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும், மனைவியிடம் சொல்ல வேண்டும். வேல்ராஜ் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கல்யாணசுந்தரி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டைகளை எப்போதும்போல் எந்த வேட்டிக்கு எது என்று ஜோடி ஜோடியாக அடுக்கினாள். எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறதுதான் அவர் வேலை.

"சுந்தரி, ஒன்னட்ட ஒண்ணு கேக்கணும். மாமாவுக்கு... நெறம் தெரியுமா?"

"என்னது?"

"செவப்பு, பச்சை. வித்தியாசம் தெரியுமா? அந்தக் கல்யாணச் சேலையத்தான் மாத்தி எடுத்துட்டு வந்தாவளே."

கல்யாணசுந்தரி மடித்த துணியைக் கீழே வைத்தாள். கோபப்படப் போகிறாளோ என்று வேல்ராஜ் நினைத்தார். அவள் சிரித்தாள்.

"எங்கப்பா மாத்தி எடுக்கல. வேணும்னே எடுத்தாவ. செவப்பைக் கண்டாலே அவியளுக்கு ஆவாது. 'செவப்பு காட்டுனா வண்டி நின்னுரும் தாயி. எம் மவ பொறப்பட்டுப் போற அன்னைக்கு நான் எதுக்குச் செவப்பைக் காட்டணும்? பச்சையக் காட்டித்தான் அனுப்புவேன்'னு என்னட்டச் சொன்னாவ. அத்தைட்டச் சொன்னாச் சண்டைக்கு வருவாவன்னு, கடையில செவப்பு தீந்துட்டுன்னு புளுகினாவ. பொண்டுவ கேலி பண்ணும்போதும் வாயத் தொறக்கல."

வேல்ராஜ் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப நல்லாத் தெரியுமா? நிச்சயமா?"

"என்ன கேள்வி இது? கேட் கீப்பருக்குச் சில வருஷத்துக்கு ஒருக்கா மதுரையில கண்ணு டெஸ்டு உண்டு. புள்ளிப் புத்தகத்துல நம்பர் வாசிக்கணும். ஒரு தடவகூட எங்கப்பா தேறாம வந்ததில்ல. வரும்போது என் பாவாடைக்கு ஏத்த வளையலு வாங்கிட்டு வருவாவ. பாவாடையக் கையில எடுத்துட்டாப் போனாவ? மனசுல வச்சிருந்த நெறந்தான். ஒரு வளையலு தப்பினதில்ல."

அந்த நேரத்தில் வேல்ராஜுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை. அழுதுவிட்டார். முப்பது வருஷமாக மூட்டை சுமக்கிறவர்கள் நடுவில் நின்று தானும் ஒரு மூட்டையைச் சுமந்தவர், அதை இறக்கிவைத்து அழுதார். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னார். தனக்கு இருக்கிற குறை, நெஞ்சளவுப் பொய், ரம்புட்டான் பரீட்சை, முஹ்ஸினா இழுத்த கோடு.

கல்யாணசுந்தரி கொஞ்சமும் அதிரவில்லை. "ஒங்களுக்குத் தெரியாதுங்கது எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"கல்யாணமாகி மூணாவது மாசம். அந்தச் சேலையக் கட்டிட்டு ஒரு சடங்குக்குப் பொறப்பட்டேன். என்னைப் பாத்துட்டு, 'இந்தச் செவப்பு ஒனக்கு எடுப்பா இருக்கு'ன்னிய."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா!"

"எடுப்பா இருக்குன்னு சொன்னியள்லா. அது போதும்னு விட்டுட்டேன்."

உள்ளறையிலிருந்து அனுசியா வந்து நிலைப்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை. முகத்தில் பயம் இல்லை, கொஞ்சம் கோபம்தான் இருந்தது.

"ஏன்ப்பா, என்னட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா? அருவிக்கரைல பழக்கடைக்காரன்ட்ட ஏச்சு வாங்கணுமா?"

"கேட்டா, நீ சொல்லுத பதில நான் எங்கன போயி சரி பாக்க? சரி, அத விடு. நீ எதுக்குட்டி தக்காளியப் பாக்காம அமுக்கி அமுக்கிப் போட்ட?"

அனுசியா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "தக்காளின்னா அமுக்கித்தானே பாக்கணும்? நீங்க அப்படித்தானே பாப்பிய? நான் நாலு வயசுலேருந்து ஒங்க பக்கத்துல உக்காந்து அதத்தான் பாத்தேன். நெறம் பாத்துப் பிரிக்கலாம்னு எனக்கு யாரு சொன்னா?"

வேல்ராஜ் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். அவளுக்குத் தன் கண் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அஞ்சு நாளாகத் தவித்தார். போய்ச் சேர்ந்தது அவருடைய கை. அதைக் கொடுக்க எக்ஸும் வேண்டாம், ஒய்யும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்ததே போதுமாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் மூன்று பேருமாகத் தென்காசிக்குப் போனார்கள். கணக்குப்படி எல்லாம் சரிதான், மாமா கண் நல்ல கண்தான். ஆனாலும் புத்தகத்தைக் கண்டதும் வேல்ராஜ் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அதே புத்தகம். அதே புள்ளிகள். பத்தொன்பது வயதில் தன்னை வெளியே தள்ளிய புத்தகம், இப்போது மகள் மடியருகே விரிந்து கிடந்தது.

முஹ்ஸினா முதல் பக்கத்தைக் காட்டினாள். அனுசியா கையை நீட்டி, பெருவிரலால் பக்கத்தைத் தொடப் போனாள்.

"ஏய், தொடாத!" என்றாள் முஹ்ஸினா. "கறை பட்டுரும். கண்ணால பாத்துச் சொல்லு."

வேல்ராஜ் புத்தகத்துப் பக்கம் குனிந்தார். கல்யாணசுந்தரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டு," என்றாள் அனுசியா.

அது அவருக்கும் தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரிகிற பக்கம். அடுத்த பக்கம் புரண்டது. அவருக்கு வெறும் புள்ளிதான். அனுசியா "எட்டு" என்றாள். அடுத்தது "இருபத்தொம்போது". அடுத்தது "எழுபத்துநாலு". கடையில் விலை சொல்வதுபோல் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவர் பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முஹ்ஸினாவின் தலையையே பார்த்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தத் தலை ஆடியது. வேல்ராஜுக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

அப்போது ஒரு பக்கம் வந்தது. அனுசியா குனிந்தாள்.

புத்தகத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்லக்கா," என்றாள். "வெறும் புள்ளிதான் இருக்கு."

வேல்ராஜ் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தலையில் இடி விழுந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. அவர் கண்ணுக்கே தெரிந்தது. "ஏட்டி, நல்லாப் பாரு! அஞ்சு இருக்கே! எனக்கே தெரியுதே, ஒனக்குத் தெரியலையா?" குரல் உடைந்து, நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

முஹ்ஸினா அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போது வெளியே வந்தது. "உக்காருங்க அண்ணாச்சி! அது ஒங்களுக்குத் தெரியதுக்குன்னே போட்ட பக்கம். நெறம் நல்லாப் பிரியுத கண்ணுக்கு அதுல ஒண்ணும் தெரியாது. செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுதவங்களுக்குத்தான் அந்த அஞ்சு தெரியும். ஒங்க மக சொன்னதுதான் சரி. வெறும் புள்ளி."

கல்யாணசுந்தரி சிரித்தாள், அனுசியா சிரித்தாள், கடைசியில் வேல்ராஜுக்கும் சிரிப்பு வந்தது. அனுசியா புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, எங்கன இருக்கு அந்த அஞ்சு? காட்டுங்க."

அவர் பக்கத்தைத் தொடாமல், காற்றில் விரலை ஓட்டி வரைந்து காட்டினார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு வயிறு. அனுசியா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவே இல்லை. உலகத்தில் மகளுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்பது வேல்ராஜுக்கு விசித்திரமான சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது முஹ்ஸினா அனுசியாவிடம் சொன்னாள். "ஒனக்குக் கண்ணு சுத்தம். ஆனா ஒங்கப்பா குடுத்தது ஒண்ணு ஒன்கிட்ட இருக்கு. நாளைக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்தா அவனுக்கு வரதுக்குப் பாதி வாய்ப்பு. ஞாபகம் வச்சுக்க."

"வந்தா வரட்டும்," என்றாள் அனுசியா. "அவன்ட்ட சின்னதுலயே சொல்லிருவேன். ஒளிக்க ஒண்ணும் இல்ல."

வியாழக்கிழமை மதியம், வேல்ராஜ் மார்க்கெட்டில் இருக்கும்போது போன் வந்தது. தில்லைநாயகம் அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே வந்து நின்றார்.

"அப்பா, கண்ணு டெஸ்டு முடிஞ்சுட்டு. எல்லாப் பக்கமும் சரின்னுட்டாங்க," என்றாள் அனுசியா. பின்னால் மதுரை இரைச்சல் கேட்டது. "அந்த வெறும் புள்ளிப் பக்கமும் வந்துது. ஒண்ணுமில்லன்னு சொன்னேன். எங்கப்பாவுக்கு இதுல ஒரு அஞ்சு தெரியும்னு சொல்ல வாய் வந்துது. அடக்கிக்கிட்டேன்."

வேல்ராஜ் போனை வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். முன்னால் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. அவர் ஒரு தக்காளியை எடுத்தார். அமுக்கவில்லை. தில்லைநாயகம் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணாச்சி, எனக்கு நெறம் தெரியாது. இது என்ன நெறம்?"

"சும்மா கெடவே," என்றார் தில்லைநாயகம். வேல்ராஜின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. தக்காளியைக் கையில் வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"காம்புப் பக்கம் பச்சை," என்றார். "கீழ லேசாச் செவக்க ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப செங்காய்," என்றார் வேல்ராஜ். வாங்கி, கேரளாப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து நீட்டினார்.